ஊமத்தை இலையில் ஒரு புள்ளி

சேவூருக்கு மேற்கே புதூரில் மிளகாய் வைரஸ் கண்டறியும் நிலையம் வருவதற்கு முன்னால், மிளகாய்க்கு வைரஸ் என்று ஒன்று வரும் என்பதே அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. இலை சுருண்டால் வேப்பெண்ணெய் தெளிப்பார்கள். அசுவினி ஏறினால் அடுப்புச் சாம்பலைத் தூவுவார்கள். அதற்கும் தேறாத செடியைப் பிடுங்கி வரப்பில் எறிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். இது அறுபத்தாறாம் வருஷத்து நிலவரம்.

மறுவருஷம் நிலையத்தின் ஆண்டு விழாவில் அதன் இயக்குநர் டாக்டர் வைகுந்தநாதன் மேடையேறி, ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டுக்கொண்டு பேசினார்.

"நாங்கள் இங்கே கால் வைத்த நாளில் இந்தப் பகுதியில் நோய் கண்ட செடி ஒன்றுகூட இல்லை. இன்று நோய் காணாத ஊரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை குறுகிய காலத்தில் இவ்வளவு பெரிய முன்னேற்றம் வேறெந்த நிலையத்துக்கும் கிட்டவில்லை என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டத்தின் கடைசியில் உட்கார்ந்திருந்த வள்ளியாத்தாளும் தட்டினாள். தட்டாதவர்களின் மிளகாய்க் காட்டுக்குத்தான் நாளைக்கு முதலில் நிலையத்து ஜீப் போகும் என்று பக்கத்தில் இருந்தவள் சொல்லியிருந்தாள்.

வள்ளியாத்தாள் பயந்த சுபாவக்காரி இல்லை. புருஷன் இருந்த காலத்தில் கயிற்றைப் பிடித்துக் கிணற்றுக்குள் இறங்கி, மோட்டாருக்குப் புட்வால்வு மாட்டிவிட்டு ஏறி வந்தவள். அவர் போன பிறகுதான் பயம் வந்தது. அவருக்கு முறைக்காய்ச்சல் மாதிரி ஏதோ வந்து, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரட்டும், வந்ததும் மருந்து என்றார்கள். கருமாதிக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது முடிவு வந்தது. அனுப்பிய ரத்தம் போதவில்லை, நோயாளியிடம் மறுபடி எடுத்து அனுப்பவும் என்று அதில் இருந்தது. அன்றிலிருந்து பரிசோதனை என்ற சொல் காதில் விழுந்தால் அவளுக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். அவர் போனதோடு அவள் வெற்றிலையை விட்டாள். புருஷனை இழந்தவள் வெற்றிலை போடுவது ஊர் வழக்கம் இல்லை. வெற்றிலையோடு சேர்த்து அதில் வைக்கும் புகையிலையும் போயிற்று.

பிள்ளை இல்லை. காடு நாலு ஏக்கர், கிணற்றோடு. கருமாதி முடிந்ததும் புருஷனின் தம்பி கந்தப்பன் பஞ்சாயத்தைக் கூட்டினான். "பொம்பள ஒண்டியா எப்படிங்க காடு பாக்கறது? நங்கையா மடத்துக்குளத்துல அவிய அண்ணன் ஊட்டுல போயி நிம்மதியா இருக்கட்டும். காட்ட நான் பாத்துக்கறேன்" என்றான். அண்ணன் பெண்டாட்டியை அங்கே நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்; பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை.

ஊரில் கடைசிச் சொல் ஊர்ப் பெரியவரான கொத்துக்காரருடையது. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு தீர்ப்புச் சொன்னார். "அவ ஒரு வெள்ளாமை எடுத்துக் காட்டட்டும். எடுத்தான்னா காடு அவ காலம் வரைக்கும் அவளுக்கு. எடுக்கலீன்னா கந்தப்பனுக்கு. பேச்சு முடிஞ்சுது."

அவளுக்குக் கைவந்தது மிளகாய். புரட்டாசியில் நாற்றுப் பிடுங்கி நட்டாள். இந்தச் செடி பூத்து, காய்த்து, பழுக்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன் வீட்டு முன்கூடத்தின் மூலையில் ஒரு பாயும், அண்ணன் பெண்டாட்டியின் பேச்சும்தான் மிச்ச காலம்.

இந்தச் சமயத்தில்தான் அவளுக்கும் நிலையத்துக்கும் தொடர்பு ஏற்பட்டது. முதலில் நிலையத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

நிலையத்தின் நடுவே ஒரு கண்ணாடி வீடு இருந்தது. அதில் வெளிதேசத்துக் குடைமிளகாயைத் தொட்டியில் வளர்த்தார்கள். நோயில்லாத செடி எப்படி இருக்கும் என்று உலகத்துக்குக் காட்டுவதற்காக வளர்த்த செடிகள் அவை. கூரை பாதி ஏறியதும் கண்ணாடிக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துபோயிற்று. பூச்சி நுழையாத துணியால் மீதியை மூடிவிடலாம் என்று முடிவாகி, துணி வாங்கத் திருப்பூருக்கு ஆள் போயிற்று. திருப்பூரில் துணி என்றால் பனியன் துணிதான். மீரா சாகிப் என்ற வியாபாரி வண்டியில் சரக்கோடு வந்து இறங்கினார்.

"சார், இது பின்னின துணிங்க. மேலுக்குப் போடத் தோதா இருக்கும். கூரையில இழுத்துக் கட்டுனா கண்ணு விரிஞ்சு போகுமுங்க. ஈ மட்டுமில்லை, சிட்டுக்குருவியே பூந்துரும்" என்றார் மீரா சாகிப்.

"உத்தரவில் துணி என்றுதான் இருக்கிறது. விரியாத துணி என்று இல்லை" என்றார் வைகுந்தநாதன்.

துணியை இழுத்துக் கட்டினார்கள். கண் விரிந்தது. அவிநாசி வட்டத்து வெள்ளை ஈக்கள் எல்லாம் வெயிலுக்கு அதற்குள் வந்து ஒதுங்கின. குடைமிளகாய்ச் செடிகள் குறுகிப்போய், இலையெல்லாம் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக நின்றன. வந்து பார்த்த மேலதிகாரி ஒருவர் இது என்ன கோலம் என்று கேட்டபோது, "சார், இவை நோயில்லாத செடிகள் என்று அரசாணையே இருக்கிறது" என்று வைகுந்தநாதன் எடுத்துக் காட்டினார். மேலதிகாரி காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஆனால் நோயைக் கண்டறிவது குடைமிளகாய் இல்லை, ஊமத்தை. குப்பைமேட்டில் ஆடுகூட மோந்து பார்க்காத ஊமத்தஞ்செடியை இங்கே தொட்டியில் வைத்து, பெயர்ப்பலகை நட்டு, காவல் போட்டிருந்தார்கள். சந்தேகப்படும் மிளகாய் இலையை அரைத்து, சாற்றை விரலில் தொட்டு, ஊமத்தை இலையில் தேய்ப்பார்கள். சில நாள் கழித்து அந்த இலையில் கருகினாற்போல் புள்ளி வந்தால் நோய் உண்டு. வராவிட்டால் இல்லை. சாஸ்திரம் அவ்வளவுதான். அதில் தப்பு ஒன்றும் கிடையாது.

தேய்க்கிற விரல் பழனிமுத்துவுடையது. உள்ளூர்க்காரன். வாட்சுமேனாகச் சேர்ந்தவன். ஆராய்ச்சிக்கு என்று வந்த படித்த உதவியாளர் தேய்த்தால் ஊமத்தை சும்மா இருந்தது. அவர் ஒருநாள் சந்தைக்குப் போயிருந்தபோது பழனிமுத்து தேய்த்தான். இலை முழுக்கப் புள்ளி பூத்துவிட்டது. மறுபடி தேய்க்கச் சொன்னார்கள். மறுபடியும் பூத்தது. பழனிமுத்துவுக்குக் கைராசி என்று நிலையம் முழுக்கப் பேச்சாயிற்று. அவன் கடைவாயில் எந்நேரமும் புகையிலை அடக்கியிருப்பான். பேசும்போது அதே விரலால் அதை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொள்வான்.

"புகையிலையில் இருக்கும் கிருமிதான் சார் விரல் வழியா இலைக்குப் போகுது. சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்க" என்றார் உதவியாளர். சோப்பு வாங்கினார்கள். அந்த மாசம் புள்ளியே வரவில்லை. கண்டறிய வேண்டிய நோய்களின் இலக்கில் நிலையம் பின்தங்கியது. சோப்பு நோயை மறைக்கிறது என்று வைகுந்தநாதன் மேலிடத்துக்கு எழுதி, நிலைய எல்லைக்குள் சோப்பைத் தடை செய்தார். உதவியாளரை ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். பழனிமுத்துவைத் தலைமைத் தேய்ப்பாளர் ஆக்கினார்கள்.

கார்த்திகையில் வள்ளியாத்தாளின் செடி பூவெடுத்தது. கந்தப்பன் ஒருநாள் காலையில் நிலையத்துக்குப் போய், "எங்க நங்கையா காட்டுல செடி ஒரு மாதிரியா மின்னுதுங்க. எனக்கென்னமோ வெசனமா இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தான். பொழுது உச்சிக்கு வருவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

வைகுந்தநாதன் முன்னால் நடந்தார். பழனிமுத்து பின்னால் நடந்தான். இரண்டு பேரும் ஒரு பாத்தி விடாமல் இலையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு போனார்கள். கிழக்குப் பாத்திகள் முடிந்ததும் வெயில் தாங்காமல் திரும்பிவிட்டார்கள். வள்ளியாத்தாள் வரப்பில் நின்று, அவர்கள் கைபடும் ஒவ்வொரு செடியையும், குழந்தையை வைத்தியன் கையில் கொடுத்தவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவர்கள் தடவிய பாத்திகள் மட்டும் திட்டுத் திட்டாக மஞ்சளடித்தன. தடவாத பாத்திகள் கருகருவென்று நின்றன. அவள் சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டு நிலையத்துக்குப் போய், வாசலில் நெடுநேரம் நின்று, உள்ளே கூப்பிட்டதும் சொன்னாள்.

"நீங்க தொட்ட செடிக்கு மட்டுமுங்க… மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. தப்பா நெனைக்காதீங்க சாமி."

வைகுந்தநாதன் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார். அவள் இரண்டடி பின்வாங்கினாள்.

"பழனிமுத்து, கேட்டாயா? இந்த அம்மா தன் வாயாலேயே சொல்கிறார். நோய் வரப்போகிற செடி எது என்று முன்கூட்டியே தெரிந்து, சரியாக அதையே தொட்டிருக்கிறோம். ஒன்றுகூடத் தவறவில்லை. இனிமேல் நோய் வருவதற்கு முன்பே கண்டறிந்தோம் என்று அறிக்கையில் எழுதலாம்."

கிழக்குப் பாத்திகளைப் பிடுங்கிக் கொண்டுபோனார்கள். மீதியைக் கண்காணிப்பில் வைத்தார்கள்.

நோய் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க உத்தரவு வந்தது. முதலில் தண்ணீரைச் சந்தேகித்தார்கள். ஊர்க்கிணற்றுத் தண்ணீரைத் தொட்டுப் பழனிமுத்து தேய்த்தான். புள்ளி வந்தது. கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டினார்கள். ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு சேவூர் வரைக்கும் நடந்தார்கள்.

அடுத்தது துணி. நிலையத்துக்குக் கொடுத்த துணிக்குப் பணம் கேட்டு வந்த மீரா சாகிப்பின் தோள் துண்டை வாங்கி, நனைத்து, பழனிமுத்து தேய்த்தான். புள்ளி வந்தது. கல்கத்தாவுக்குப் போகத் திருப்பூர் ரயில்நிலையத்தில் கிடந்த அவருடைய பனியன் மூட்டைகளைப் பிடித்து வைத்தார்கள்.

"சார், பனியனுக்கு எப்படிங்க மொளகா சீக்கு வரும்? அது பருத்திங்க" என்று அவர் கையைப் பிசைந்தார்.

"வராது என்று எங்கே எழுதியிருக்கிறது, பாய்?"

எங்கும் எழுதியிருக்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு பனியனிலும் 'மிளகாய்க் காட்டில் அணியத் தகாதது' என்று முத்திரை குத்திவிட்டு அனுப்பலாம் என்று விட்டார்கள். கல்கத்தாவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் வாங்கவில்லை போலிருக்கிறது. அது உயர்ந்த ரகத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டு, அதே முத்திரையில் இன்னும் சரக்கு அனுப்பச் சொல்லித் தந்தி கொடுத்தார்கள். மீரா சாகிப் அந்தத் தந்தியை யாரிடமும் காட்டாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தந்திக்கும் புள்ளி வந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு.

அப்புறம் மனுஷர்கள் முறை வந்தது.

நிலையத்து முற்றத்தில் ஊமத்தைத் தொட்டிகளை வரிசையாக வைத்து, புதூர்க்காரர்கள் ஒவ்வொருவரும் தன் விரலால் தானே தேய்க்க வேண்டும் என்றார்கள். பழனிமுத்துவின் கைராசி வேறொருவர் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாதாம். கொத்துக்காரர் தேய்த்தார். கந்தப்பன் தேய்த்தான். வெற்றிலையும் புகையிலையுமாகச் சிவந்த வாயோடு வந்த பெண்கள் தேய்த்தார்கள். பீடிக்காரர்கள் தேய்த்தார்கள். வள்ளியாத்தாளும் ஒரு தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தாள். "நீங்க தேய்க்கலீங்களா?" என்று இயக்குநரை யாரோ கேட்டார்கள். "தராசைத் தராசில் போட்டு நிறுக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு அவர் பொடி போட்டுக்கொண்டார்.

சில நாளில் முற்றம் முழுக்கப் புள்ளி. ஒரே ஒரு தொட்டியில் மட்டும் இலை சுத்தமாக இருந்தது.

தன் தொட்டியில் புள்ளி இல்லை என்று பார்த்ததும் வள்ளியாத்தாளுக்கு நின்ற மூச்சு திரும்பி வந்தது. மாரியாத்தாளை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தலையை நிமிர்த்திப் பார்த்தபோது இயக்குநர் தன்னையே வெறித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் முகத்தில் வேர்வை பொடித்திருந்தது. அவரே பயந்துபோயிருந்தார்.

"ஊரெல்லாம் நோய் இருக்கும்போது உன்னிடம் மட்டும் இல்லை என்றால் என்ன அர்த்தம்?"

"தெரியலீங்க."

"இல்லாமல் இருக்க முடியாது. மறைந்திருக்கிறது. வெளியே தெரிகிற நோயால் ஆபத்து இல்லை, அதை நாங்கள் கண்டறிந்துவிடுவோம். கண்டறிய முடியாமல் இருக்கிறது பார், அதுதான் இந்த நாட்டுக்கே அபாயம்."

கூட்டம் அவளைச் சுற்றி விலகி நின்றது. கூட நாற்று நட்ட பெண்கள்கூடத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். புள்ளி வந்தவர்கள் எல்லோரும் ஒரு கட்சியாகிவிட்டார்கள். அவள் ஒருத்தி தனி.

புள்ளி வந்தவர்களுக்குத் தண்டனை எளிது. காட்டில் இருந்த மிளகாயைப் பிடுங்கி எரித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். கந்தப்பனின் பச்சைச் செடிகளும் அப்படியே போயின. எரிகிறபோது அவன் அழவில்லை. வள்ளியாத்தாளுக்கு என்ன நடக்கப்போகிறது என்பது அவன் காதுக்கு எட்டியிருந்தது.

அவள் காட்டைச் சுற்றி மூங்கில் நட்டு, ஆள் உயரத்துக்கு மேல் பனியன் துணி கட்டினார்கள். உள்ளே இருப்பது மறைநோய், பார்வை பட்டாலும் பரவலாம் என்று தண்டோரா போட்டார்கள். யாரும் நுழையக் கூடாது. அவள் ஒருத்தி மட்டும் நுழையலாம், அவளிடம்தான் ஏற்கெனவே இருக்கிறதே. தண்ணீர் பாய்ச்சலாம், களை எடுக்கலாம். காயைப் பறிக்கக் கூடாது.

தையில் மிளகாய் பழுத்தது. அவள் பிறந்து இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு காய்ப்பைப் பார்த்ததில்லை. யாருடைய கையும் படாத செடிகள் அவை. கிளை தாங்காமல் சாய்ந்து நின்றன. துணிக்கு உள்ளே காடே ரத்தச் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட அவளுக்கு ஒரு ஆளும் இல்லை. வாரத்துக்கு ஒருமுறை வைகுந்தநாதன் மட்டும் துணியில் ஒரு ஓட்டை போட்டு எட்டிப் பார்ப்பார். "எவ்வளவு தந்திரமாக மறைந்திருக்கிறது பார், பழனிமுத்து. ஒரு இலையில்கூட அடையாளம் இல்லை. இவ்வளவு தீவிரமான நோயை நான் புத்தகத்தில்கூடப் படித்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவள் கொத்துக்காரர் வீட்டுக்குப் போய் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். "வெள்ளாமை வந்திருச்சுங்க. பழுத்து நிக்குது."

"என்ற கண்ணுல பாக்காம நா எப்படி அம்மிணி சொல்றது? உள்ள உட மாட்டேங்கறானுங்களே."

பக்கத்தில் இருந்த கந்தப்பன் மெதுவாகச் சொன்னான். "உள்ள வெறும் அருகம்புல்லுன்னு பேசிக்கறாங்க. நான் சொல்லலைங்க நங்கையா, ஊருல பேச்சு."

மாசி பிறந்ததும் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மறைநோய் நிலத்தை நிலையமே எடுத்துக்கொள்ளப் போகிறது என்றார். நோய் வெளிப்படும் வரைக்கும்தான்.

"வெளிப்படலைன்னாங்க?"

"வெளிப்படாத வரைக்கும்."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அந்த விளிம்பையும் தொடக் கூடாதோ என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டாள்.

"வெளிப்பட்டுட்டா, சாமி?"

"வெளிப்பட்டால் செடியை எரித்துவிட்டு நிலத்தை உன்னிடமே விட்டுவிடுவோம். கண்டறிந்து முடித்த நிலத்தை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?"

வெளியே வரும்போது பழனிமுத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புகையிலையைக் கிள்ளிக்கொண்டிருந்தான். அவள் அவனருகே போய் நின்றாள். சோப்பு வாங்கின கதையும், படித்தவர் ராமநாதபுரம் போன கதையும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்ததை வைத்து யாரும் ஒன்றும் செய்ததில்லை. அவளுக்கும் இது சரியாக வருமா என்று நிச்சயம் இல்லை.

"தம்பி, சித்தெ பொயல குடு."

பழனிமுத்து அண்ணாந்து அவளையும், பொட்டில்லாத அவள் நெற்றியையும் பார்த்தான். "அக்கா, நீங்கதான் உட்டுப்போட்டீங்ளே. அண்ணன் போனதுக்கப்பறம்…"

"குடு சாமி. கேக்காத."

"பாத்துப் போடுங்கக்கா. பழகாத வாயி, கிறுகிறுன்னு வரும்." அவன் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தான். கொடுத்துவிட்டு, யாரோ பெண்பிள்ளை துணி மாற்றுவதைக் கண்டவன் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் வாயில் அடக்கினாள். தலை சுற்றியது. ஊர் பார்த்தால் என்ன பேசும் என்று நினைத்தாள். அவர் பார்த்தால் என்ன சொல்வார் என்றும் நினைத்தாள். அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், சிரித்திருப்பார். விரலால் புகையிலையை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அப்படியே திரும்பி உள்ளே போய், "இன்னொரு வாட்டி தேச்சுப் பாக்கறேனுங்க" என்றாள்.

புள்ளி வரும் வரையில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. முன்னே புள்ளி வந்துவிடக் கூடாதே என்று வேண்டியவள், இப்போது வந்துவிட வேண்டுமே என்று அதே மாரியாத்தாளிடம் போய் நின்றாள். ஆத்தா என்ன நினைப்பாளோ என்று அதற்கும் பயந்தாள். வந்துவிட்டால் ரத்தச் சிவப்பாக நிற்கிற அத்தனையும் சாம்பல். வராவிட்டால் காடே இல்லை. எதைக் கேட்பது என்று தெரியாமல் சூடத்தை ஏற்றிவிட்டு வந்தாள்.

புள்ளி வந்தது. ஒன்றே ஒன்று, கடுகளவு. வைகுந்தநாதன் பூதக்கண்ணாடியை வைத்து அதைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"கண்டுபிடித்துவிட்டோம் அம்மா" என்றார். சொந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்ட மாதிரி இருந்தது அவர் குரல்.

எரிப்பதை விழாவாகவே வைத்தார்கள். மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாற்காலி போட்டார்கள். துணிக்கு உள்ளே வெளியூர்க் கூலியாட்கள் செடிகளைப் பிடுங்கிக் குவித்தார்கள். பச்சைச் செடி லேசில் பற்றாது என்று, மீரா சாகிப்பிடம் சொல்லித் திருப்பூரில் இருந்து பனியன் கழிவுப் பஞ்சு ஒரு வண்டி வரவழைத்து, சீமெண்ணெய் ஊற்றினார்கள். அவர் வள்ளியாத்தாளைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சுக்குங்க அம்மிணி, கேட்டா குடுக்காம இருக்க முடியாது" என்றார். வைகுந்தநாதன் பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சொற்பொழிவு ஆற்றினார்.

"கண்ணுக்குத் தெரியாத நோயை, இலையில் இல்லாத நோயை, காயில் இல்லாத நோயை, விடாமுயற்சியால் வரவழைத்திருக்கிறோம்…"

பற்ற வைத்தார். முதலில் பஞ்சுதான் எரிந்தது. வெள்ளைப் புகை. கைதட்டினார்கள். பிறகு தீ மிளகாய்க்கு இறங்கியது.

அந்தக் கமறலை அன்றைக்குப் புதூரில் இருந்தவர்கள் யாரும் சாகிறவரைக்கும் மறக்கவில்லை. முதலில் முன் வரிசை நாற்காலிகள் விழுந்தன. மேலிடத்து ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் தும்மிக்கொண்டு ஜீப்பைத் தேடி ஓடினார்கள். வைகுந்தநாதன் பேச்சை முடிக்கப் பார்த்தார். "வரவழைத்திருக்கிறோம்" என்ற இடத்தில் இருமல் பிடித்தது, விடவில்லை. காற்று கிழக்கே திரும்பியது. புகை ஊருக்குள் போயிற்று. தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் வீறிட்டன, கட்டுத்தரையில் மாடுகள் முளையைப் பிடுங்கின. சேவூர் போகிற பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி ஓடினார்.

வள்ளியாத்தாள் மட்டும் நகராமல் நின்றாள். தலைப்பை மூக்கில் சேர்த்துப் பிடித்திருந்தாள். இனி ஊர் என்ன சொல்லும், காடு யார் பக்கம் போகும் என்று அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கொத்துக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வழிய, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் தட்டுத்தடுமாறி வந்தார். பின்னால் பாதி ஊர் வந்தது. கந்தப்பனும் வந்தான். தும்மித் தும்மி அவன் முகம் வீங்கியிருந்தது.

"இது பழுத்த மொளகாப் பொகை" என்றார் கொத்துக்காரர். "அருகம்புல்லு எரிஞ்சா இப்படிக் கமறாது. பிஞ்சு எரிஞ்சாக்கூட இப்படிக் கமறாது. வெள்ளாமை எடுத்துப்போட்டா."

"எடுத்தா… போதுங்களா?" கந்தப்பனுக்கு நடுவில் மூன்று தும்மல் வந்தது. "ஊடு வந்து சேரணுமில்லீங்க? ஊடு வந்து சேராத வெள்ளாமை என்னுங்க வெள்ளாமை?"

"ஊடு வந்து சேரலீங்கறயா?" கொத்துக்காரர் அவன் பக்கம் திரும்பினார். "எங்கூட்டு அடுப்படிக்கு வந்து பாரு. உங்கூட்டுல போயிப் பாரு. இந்த ஊருல அது வந்து சேராத ஊடு எது, சொல்லு." இருமி முடித்துவிட்டு வள்ளியாத்தாளைப் பார்த்தார். "காடு உன்றதுதான் அம்மிணி. பேச்சு முடிஞ்சுது. நீ சித்தெ தள்ளி வந்து நில்லு, மூச்சு முட்டிப் போயிரும்."

ஊர் திரும்பிப் போயிற்று. தீ அடங்கியபோது அவளும் சாம்பலும் மட்டும் இருந்தார்கள். சுற்றியிருந்த பனியன் துணி கருகிச் சுருண்டு, மூங்கில்களில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் முதல்முறையாகக் காட்டின் நாலு மூலையையும் ஒரே பார்வையில் பார்த்தாள்.

அவிநாசிப் பக்கம் ஓடிய ஜீப், புகை குறைந்ததும் திரும்பி வந்து வரப்போரம் நின்றது. வைகுந்தநாதன் இறங்கவில்லை. ஈரக் கைக்குட்டையை மூக்கில் இருந்து ஒரு விரற்கடை நகர்த்திக்கொண்டு, அன்பாகக் கேட்டார்.

"அடுத்து என்ன பயிர் போடப்போகிறாய் அம்மா?"

அவளுக்குக் கத்தரி ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. தக்காளி ஞாபகம் வந்தது. அதையும் சொல்லவில்லை. கம்பு, சோளம், பருத்தி என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணாடி வீடு எழும்புவதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள்.

"இன்னும் நெனைக்கலீங்க" என்றாள்.

"யோசித்து வை. வெள்ளிக்கிழமை வருகிறேன்" என்றார் அவர்.